அத்தை கேட்ட இங்கிலீஷ் பாட்டு

வேலூரில் படிப்பை முடித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பிய அத்தை, கல்யாணம் ஆகும்வரை இங்கிலீஷ் பாட்டுத்தான் கேட்டாள். அப்பாவுக்குத் தங்கை அவள். முன்னறையில் பவர்லூம் ஓடும்போது மட்டும் செல்போனில் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருக்கும் என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த ராக் பாட்டுகள். கிதார் அலறும், ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. "இன்னா அத்தை பாடறாரு?" என்று கேட்டேன்.

"'எனக்குப் புடிச்ச எடத்துக்குப் போவேன், யாரையும் கேக்க மாட்டேன்'ன்னு பாடறான்."

"எங்க போறாராம்?"

"அத அவன் சொல்லல. போறான், அவ்ளோதான்."

"ஊட்ல கேட்டுட்டுதானே போவணும்?"

அத்தை சிரித்தாள். "அதான் அவன் பாடறான். நான் கேட்டுகினு கீறேன்."

கொஞ்ச நாளில் தெள்ளாரில் மாப்பிள்ளை முடிவானது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் சாயங்காலம், ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி அத்தை கிளம்பினாள். நிச்சயமான பெண் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். இரண்டு ஜாக்கெட் துணிக்கு அவள் எடுத்துக்கொண்ட பை ரொம்பவே பெரிது. டெய்லர் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

பெங்களூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அத்தை படியில் ஒரு காலை வைத்தாள்.

"ஏறுறதுன்னா ஜல்தியா ஏறும்மா," என்றார் கண்டக்டர்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ தனியா ஊட்டுக்குப் போய்டுவியா?"

"எனக்கு வழி தெரியாதே. பயமா கீது அத்தை."

வைத்த காலை இறக்கிக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

கூடப் படித்த தோழி பெங்களூரில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள் என்பது, பல வருஷம் கழித்துத் தெள்ளாரில் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் பாட்டுக் கேட்டால் தலை வலிக்கிறது என்றும் சொன்னாள்.

அன்று பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பஸ்ஸை விட்டுவிட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாத அத்தை, அடுத்த பஸ் வரும். அதுவரைக்கும் நான் உன்கூடவே இருக்கறேன்," என்று தேற்றினேன்.

அதைக் கேட்டதும் அவள் ஏன் இன்னும் அதிகமாக அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை.