பல்வலி என்று எழுதி வைத்தது

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் முடிந்தபோது, அவருக்காக நான் மூன்றாவது நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். கெட்டி அட்டை, நீளமான நோட்டு. காலை ரத்த அழுத்தம், மாலை ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை, நடந்த நிமிடம், குறிப்பு என்று ஆறு கட்டங்கள். பொத்தேரியில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஒரு விடைத்தாள் கணக்கில் வராவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாத வேலை. அந்தப் பழக்கத்தில், நோட்டில் ஒரு நாள்கூட விடுபட்டதில்லை.

"நான் தும்மினாகூட எழுதிடுவா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வார். தும்மலை நான் எழுதியதில்லை. இருமலை எழுதியிருக்கிறேன். ஒரு புது மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாவது நாள் அந்த வறட்டு இருமல் வந்தது. நோட்டைப் பார்த்ததும் டாக்டர் அந்த மாத்திரையை மாற்றினார். இருமல் போயிற்று. அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் கர்வம்.

எனக்கென்று இருந்தது ஒரு சாதாரண டயரி. சிலிண்டர் வந்த நாள், ஆலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி, யார் யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் பல்வலியும் அதில்தான் இருந்தது.

கல்லூரி திறந்த வாரத்தில் முதல் குறிப்பு: "இடது கீழ்த்தாடை. பல்வலி. காலை 8.20, பொத்தேரி ஸ்டேஷன் மேம்பாலம்." நேரமும் இடமும் எழுதாமல் எனக்கு எழுத வராது. அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் வலி போய்விடும். கிராம்பு வைத்துப் பார்த்தேன். டூத் பேஸ்ட்டை மாற்றினேன். இரண்டு மாதத்தில் மேம்பாலத்தின் நடுப்படியில் நிற்பது வழக்கமாகிவிட்டது. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், கைப்பையில் செல்போனைத் தேடுவது போல நிற்பேன்.

"மேடம், ஓரமா நில்லுங்க, பசங்க மோதிடுவாங்க" என்று ஒரு மாணவி சொல்லிவிட்டுத் தாண்டி ஓடினாள். அன்றைக்கு டயரியில் மாணவியின் நல்ல குணத்தை எழுதினேன். நான் ஏன் நின்றேன் என்பதை எழுதவில்லை.

கடைசியில் சேலையூரில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

"சூடா, ஜில்லுனு ஏதாவது குடிச்சா?"

"இல்ல."

"அப்ப எப்பதான் வலிக்குது?"

டயரியை எடுத்தேன். அவள் சிரித்தாள். நான் படிக்கப் படிக்க அவள் சிரிப்பு நின்றது. மேம்பாலம். மேம்பாலம். தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கியபோது. தாம்பரத்தில் ரயிலுக்கு ஓடியபோது. மறுபடி மேம்பாலம்.

"சாப்பிடும்போது ஒரு தடவைகூட இல்லையே ஆன்ட்டி" என்றாள். கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். "பல்லுக்கு மாடிப்படி தெரியாது. நான் உங்க பல்லைத் தொட மாட்டேன். இங்கிருந்து நேரா போய் இசிஜி எடுங்க. தள்ளிப் போடாதீங்க."

வெளியே என் கணவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். "புடுங்கியாச்சா?"

"இல்ல. இசிஜி எடுக்கணுமாம்."

"எனக்கா?" என்றார்.

மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி: நெஞ்சு வலி உண்டா? ஆம், இல்லை. எனக்கு நெஞ்சில் ஒரு நாளும் வலித்ததில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். தாடைக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். படிவத்தின் ஓரத்தில் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது, தினமும் படிவங்களோடு புழங்குகிற எனக்குத் தெரியும்.

யாரும் படிக்கவில்லை. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. பணியில் இருந்த இளம் டாக்டர், "எல்லாம் நார்மல் மேடம். டென்ஷனைக் குறைங்க. இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் வரும்" என்றார். கேளம்பாக்கத்திலிருந்து என் நாத்தனார் போனில், "வாயுவா இருக்கும் அண்ணி, பூண்டுப் பால் குடிங்க" என்றாள்.

நார்மல் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை டயரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என் கணவர்தான் விடவில்லை.

"என் நோட்டைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட எத்தனை தடவை மல்லுக்கு நின்னிருப்ப? உனக்குன்னா ஒரு வார்த்தை போதுமா? படியேறினா வலிக்குது, நின்னா போயிடுது. எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கு நெஞ்சு, உனக்குத் தாடை. அவ்வளவுதானே வித்தியாசம்?"

அன்று மாலை டயரியிலிருந்த பல்வலிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதினேன். இருபத்து மூன்று. எதிரே, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு கட்டம். பத்தொன்பது இடத்தில் ஏறிக்கொண்டிருந்தேன், நாலு இடத்தில் தூக்கிக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருந்தேன். என் கணவருக்கு இப்படி ஒரு தாளைப் போட்டிருந்தால், இரண்டாவது குறிப்பிலேயே ஆட்டோ பிடித்திருப்பேன். பேனாவை மூடிவிட்டு, தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே அவருடைய இதய டாக்டரிடம் போனோம். "உட்காருங்க சார்" என்று டாக்டர் நோயாளியின் நாற்காலியைக் காட்டினார். என் கணவர் நகர்ந்துகொண்டார். "இன்னிக்கு அவங்க, டாக்டர்."

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "இதைப் பல்வலின்னா நெனச்சீங்க?" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். ஆறாவது நிமிடத்தில் தாடை வலித்தது, திரையில் கோடும் மாறியது. பிறகு ஆஞ்சியோகிராம். பெரிய ரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை. அதோடு நிறுத்தாமல், மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளந்தார்கள். கோளாறு அதில் தெரிந்தது. படத்தில் விழாத நுண்ணிய குழாய்கள், உழைப்புக்குத் தகுந்தபடி விரியவில்லை.

"அப்ப ஜிஎஸ்டி ரோடு க்ளியர், எங்க தெருவுக்குள்ளதான் டிராஃபிக்" என்றார் என் கணவர்.

"அதேதான் சார்" என்று டாக்டர் சிரித்தார். என் பக்கம் திரும்பினார். "முன்னெல்லாம் ஆராய்ச்சில பெரும்பாலும் ஆம்பளைங்களைத்தான் சேர்த்தாங்க. அதுல வந்த அடையாளங்களைத்தான் நாங்க காலேஜ்ல படிச்சோம். பெரிய குழாய் நல்லா இருந்தா, ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்பினோம். அப்படி அனுப்பினதுல பெண்கள்தான் ஜாஸ்தி. இப்ப அதைத் தனியா ஆராய்ச்சி பண்றாங்க."

"எனக்கும் ஸ்டென்ட் வைக்கணுமா?"

"வைக்க அங்க இடமே இல்லம்மா, அவ்வளவு சின்னக் குழாய். மாத்திரை, நடை, பிபி, கொழுப்பு இதையெல்லாம் கட்டுக்குள்ள வைக்கணும். எந்த மாத்திரை யாருக்குக் கேக்கும்னு இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்க, முழு விடை வரல. ஆனா உங்களுக்கு இருக்கிறது இதய நோய். அதுல சந்தேகம் இல்ல."

சந்தேகம் இல்லை என்று கேட்டதும் எனக்குத் தெம்புதான் வந்தது. பெயர் தெரிந்த பிறகு அதற்கு ஒரு கட்டம் போடலாம்.

இந்த மாதிரிப் பெண்களைத் தொடர்ந்து கவனிக்கிற ஓர் ஆய்வு அந்த மருத்துவமனையில் நடக்கிறது. சேர்ந்துகொண்டேன். நர்ஸ் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வி இப்படி இருந்தது: உழைக்கும்போது நெஞ்சு, தாடை, கழுத்து, முதுகு, கை, இவற்றில் எங்காவது வலியோ இறுக்கமோ உண்டா, அல்லது மூச்சு வாங்குகிறதா? நல்ல கேள்வி. ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஓரத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கென்று வாங்கிய புது நோட்டுக்கு என் கணவர்தான் கோடு போட்டார். ஆறு கட்டமும் ஆறு அகலம். முதல் நாளே "130/80 சுமார்" என்று எழுதியிருந்தார். சுமாரை அடித்துவிட்டு, கருவியின் நினைவில் இருந்த 134/82ஐ எழுதினேன். "தேர்வுப் பிரிவுக்கு ரிடயர்மென்ட்டே கிடையாது" என்று முணுமுணுத்தார். மறுநாளிலிருந்து சரியாக எழுதுகிறார்.

நான்கு மாதம் ஆகிறது. பொத்தேரி மேம்பாலத்தில் பெரும்பாலான நாட்கள் நிற்காமல் ஏறுகிறேன். நேற்று ரயில் தாமதம், வேகமாக ஏறினேன், நடுப்படியில் தாடை இறுகியது. கைப்பையில் எதையும் தேடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நின்றேன். இரண்டு நிமிடத்தில் விட்டது. மிச்சப் படிகளை மெதுவாக ஏறினேன். அலுவலகத்துக்குப் போனதும் நோட்டை எடுத்து எழுதினேன்: "காலை 8.34. மேம்பாலம், வேகம். இதயம். 2 நிமிடம்."