தண்ணீர் கொடுத்தவர் நான்தான் என்று வந்தவர்

புஞ்சாக் ஆலாமில் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் சவரிமுத்து காலமான செய்தி அப்போதுதான் வந்தது. போனை வைத்த பிறகு எதிர்வீடுகள் மறைந்து, ஈஜோக் பக்கத்தில் நான் வேலை செய்த தோட்டத்து ரப்பர் மரங்களும் அவற்றுக்கிடையே நிற்கும் பனியும்தான் எனக்குத் தெரிந்தன.

நீங்கள் அவரிடம் பல்கலைக்கழகத்தில் அறவியல் படித்தவர்கள். நான் அவரை அதற்கும் முன்பு, வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், எங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியராக அறிந்தவள். அப்போது நான் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் சிறை என்றிருந்த காலம். ஒரு காலையில் நான் வெட்டும் மர நிரையில் இரத்தக்கறையையும் அதன் பக்கத்தில் என் தண்ணீர்ப் போத்தலையும் சிப்பாய்கள் பார்த்துவிட்டார்கள். போத்தலை மரத்தில் மாட்டிவிட்டு வெட்டப் போனேன், வேறெதுவும் தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. தோட்ட ஆபீசில் என்னை உட்கார வைத்தார்கள். வெளியே அம்மா அழுதது வேறு யாருடைய அழுகையோ போல் கேட்டது.

பனி இன்னும் கலையவில்லை. அதற்குள்ளிருந்து வெள்ளைச் சட்டையோடு சவரிமுத்து சார் வந்தார்.

“அன்னம்மாவ விட்டுருங்க. அவ போத்தல எடுத்துத் தண்ணி குடுத்தது நான். பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியில ஒருத்தன் அடிபட்டுக் கெடந்தான்.”

தோட்டக் கணக்கு எழுதும் கிராணி அதைச் சிப்பாய்களின் வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவன் எந்தப் பக்கம் போனான் என்று அதிகாரி கேட்டார்.

“அத சொல்ல மாட்டேன்.”

“பேசாம இருந்திருக்கலாம் லா, சார்” என்றார் கிராணி, மெதுவாக.

“நான் செஞ்சதுக்கு இந்தப் பொண்ணு போவக்கூடாது.”

என்னை விட்டார்கள். அவரை லோரியில் ஏற்றினார்கள். நெடுநாள் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு வெளியே வந்தவர், தோட்டத்துக்குத் திரும்பாமல் மேலே படிக்கப் போனார். “ஒருவருக்கு உதவுவது கடமை. அந்த உதவியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதும் கடமை.” இதை உங்களிடம் அடிக்கடி சொல்வாராமே.

வயதான பிறகு கோலசிலாங்கூர் தேவாலயத்தில் அவரைப் பார்த்தேன். அன்று ஆபீசுக்கு வரப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“பயந்து பாதி வழியில திரும்பி நடந்துட்டேன், அன்னம்மா. ஒன்ன எப்படியும் விட்டுருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு நம்பல. அப்புறந்தான் வந்தேன்.”

அவருடைய நூல்களை நான் படித்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பாதி வழியைத்தான். என் கல்யாணம், என் பிள்ளைகள், இத்தனை வயது, எல்லாமே அங்கிருந்து அவர் மறுபடியும் திரும்பி நடந்த பிறகு வந்தவை.