இரண்டு வயர், மூன்று முடிச்சு

நுரைச்சோலையில் எங்கள் பட்டறை வெல்டிங் இயந்திரத்துக்குள் இருந்த பெரிய செப்புச் சுருள் கருகியபோது, புதியது பூட்ட வந்தவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றே அழைப்பார்கள். ஒடுங்கிய முகம், வெடித்த விரல்கள். பழையதைக் கழற்றுமுன் அதற்குப் போகும் இரு வயர்களிலும் வலைநூலால் அடையாளம் கட்டினார்: ஒன்றில் ஒரு முடிச்சு, மற்றதில் இரண்டு.

“போன்ல ஒரு போட்டோ எடுத்தாப் போதும்தானே, நானா?” என்றேன்.

“தொண்ணூறுல மன்னாரால முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாம் வெளிக்கிடச் சொன்ன நேரம் நான் ஒண்டுக்கும் அடையாளம் வெக்கல்ல, தம்பி. திரும்பிப் போனா ஒரே காடு. எங்கட வீட்டு வளவு எதெண்டே தெரியல்ல.”

முடிச்சுகளைப் பார்த்துப் பார்த்துப் புதிய சுருளைப் பூட்டினார். இயந்திரம் ஓடியது. முடிச்சுகளை அவிழ்க்காமலே மூடியைப் பூட்டிவிட்டுப் போனார்.

அந்த இரு வயர்களை மாற்றிப் பூட்டினாலும் இயந்திரம் ஒரே மாதிரித்தான் ஓடும் என்று பின்னர் அறிந்தேன். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.