டயர் ஆறுவதற்கு முன்

இருபது வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இயற்பியல் நடத்துகிறேன். என் கைப்பையில் சிவப்புப் பேனா, கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை இவற்றோடு டயரில் காற்று அளக்கும் கேஜ் ஒன்றும் பல காலம் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு பொத்தான், முன்னால் எண் தெரியும் சின்னத் திரை. ஆசிரியர் அறையில் யாராவது கையை நீட்டி, “டீச்சர், அப்படியே எனக்கும் பிரஷர் பாத்து விடுங்க” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு சண்டையில் தொடங்கியது. பள்ளிக்குப் போகும் வழியில் காளவாசலில் ஒரு பஞ்சர் கடை. அங்கே காற்றடித்து வீட்டுக்கு வந்து என் கேஜை வைத்துப் பார்த்தால் நான்கு பாயிண்ட் குறைந்தது. மறுநாளும் அப்படியே. வேறொரு கேஜ் வாங்கிப் பார்த்தேன், அதுவும் என் கட்சிதான். இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், “அண்ணே, உங்க மீட்டரு நாலு கூடக் காட்டுது” என்றேன். நாலு பேர் நிற்கும்போது சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “டீச்சர், காளவாசலே இதுலதான் காத்து அடிக்குது. உங்க ஒரு வண்டிக்கு மட்டும் தப்பாக் காட்டுமா?” என்றார். நான் விடுவேனா? அவர் ஹோஸைப் பிடுங்கி, அங்கேயே மூன்று வண்டிக்கு அளந்து காட்டினேன். அதன்பிறகு என் கார் வந்து நின்றாலே ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

அளப்பதில் சில ஒழுங்குகள் உண்டு. கேஜின் வாயை வால்வில் கோணாமல் நேராக அழுத்த வேண்டும். ‘உஸ்’ என்று காற்று கசியும் சத்தம் கேட்டால் அந்த அளவை நம்பக்கூடாது. மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் கணக்கு. வெயில் பக்கம் நிற்கும் டயர் ஒன்றிரண்டு கூடக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓடி வந்த சூட்டில் அளக்கக்கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும் அளவு, ஆறிய டயருக்கான அளவு. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதவர்களைப் பிடித்து வைத்துச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரே தம்பி. டி. கல்லுப்பட்டியில் விவசாயம் பார்க்கிறான். அவன் பழைய கார் ஒன்றை வாங்கியபோது டயர் சென்சார் ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி விடுகிற நான்கு கறுப்பு மூடிகள், அவை அனுப்பும் அளவைக் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கும் ஒரு திரை. அளவு எல்லை தாண்டினாலும் குறைந்தாலும் கத்தும். மாட்டிவிட்ட அன்றே என் கேஜோடு ஒப்பிட்டேன். இரண்டு வித்தியாசம் வந்தது. “பொம்மை மாதிரி இருக்கு, சும்மா ஒரு துணைக்கு வச்சுக்க. சந்தேகம்னா என்னக் கேளு” என்றேன். அவனும் கேட்டான். எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பான்.

நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியது நல்ல கோடையில். பிறந்த வீட்டுச் சீர் தம்பிதான் கொண்டுவர வேண்டும். வெண்கலப் பானை, குத்துவிளக்கு, அரிசி மூட்டை, வாழைத்தார், பூசணி என்று காரின் வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு, மனைவியையும் மாமனார் மாமியாரையும் உட்காரவைத்து, பத்து மணி வெயிலில் வந்து இறங்கினான். ஆரத்தி எடுத்தோம். சாமான்களை உள்ளே கொண்டுபோய்க் கொண்டிருக்கும்போதே, “யக்கா, திருமங்கலத்துல இருந்து இந்த மிஷினு கத்திக்கிட்டே வருது. நாப்பதைத் தாண்டிருச்சுன்னு காட்டுது” என்றான்.

வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். புது வீடு, பட்டுச்சேலை, எல்லாருடைய கண்ணும் என்மேல். நான் கைப்பையைக் கொண்டுவரச் சொல்லி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கேஜும் நாற்பதுதான் காட்டியது. கதவில் முப்பத்துமூன்று என்று போட்டிருந்தது. “ஏழு கூட இருக்குடா. வெடிச்சுருந்தா என்ன ஆகுறது?” என்று சத்தம் போட்டேன். வால்வு ஊசியை அழுத்தினேன். காற்று சுடச்சுட விரலில் அடித்தது.

“யக்கா, இப்பத்தான ஓடி வந்து நிக்குது. கொஞ்சம் ஆறட்டுமே” என்றான் தம்பி.

“நான் பிசிக்ஸ் டீச்சரா, நீ பிசிக்ஸ் டீச்சரா?”

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுத் தள்ளி நின்றான். நான்கு டயரையும் முப்பத்துமூன்றுக்குக் கொண்டுவந்து வைத்தேன், மும்மூன்று தடவை பார்த்து. அவ்வளவு துல்லியமாக வாழ்நாளில் நான் வேறெதையும் அளந்ததில்லை. அவனுடைய மாமனார், “படிச்ச பிள்ளைன்னா இதுதான்” என்று பாராட்டினார்.

அடைத்து வைத்த காற்று சூடானால் அழுத்தம் கூடும், ஆறினால் குறையும். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பரீட்சையில் கேட்கிற பாடம். நான் திறந்துவிட்டது கூடுதல் காற்றை அல்ல, அந்த டயருக்கு வேண்டிய காற்றை. இரவில் ஆறிய பிறகு அது இருபத்தேழுக்கு இறங்கியிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்கு அன்று தோன்றவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஊசியை அழுத்தும்போது லேசாகத் தோன்றியது. அத்தனை பேர் முன்னால் எழுந்து, “தம்பி சொல்றது சரிதான்” என்று சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலை பந்தல்காரர்கள் ஒரு பக்கம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரக்காரர் ஒரு பக்கம் கரண்டி ஒன்று குறைகிறது என்று நின்றார். அந்த நேரத்தில், முந்தின நாள் சாயங்காலமே எல்லாரோடும் ஊருக்குத் திரும்பியிருந்த தம்பி ஃபோன் செய்தான். மாமனார் மாமியாரை விருதுநகருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊரில் கொண்டுபோய் விடக் கிளம்புகிறான்.

“யக்கா, இன்னைக்கு மிஷினு வேற மாதிரி கத்துது. பின்னாடி ரெண்டும் இருபத்தேழுன்னு காட்டுது. போற வழியில காத்து அடிச்சுட்டுப் போகவா?”

“நேத்து நானே என் கையால பாத்து வச்சேன்ல? ஒரு ராத்திரியில ஆறு எங்கிட்டுப் போகும்? அந்த மிஷினு என்னைக்குச் சரியாக் காட்டுச்சு? அத அமத்திட்டுக் கிளம்பு. எனக்கு இங்க ஆயிரம் வேல கெடக்கு.”

“சரிக்கா, வாரேன்” என்று வைத்துவிட்டான்.

விருதுநகர் தாண்டி நான்குவழிச் சாலையில் பின்பக்க இடது டயர் கிழிந்தது. வண்டி சுற்றிப்போய் நடுச்சுவரில் மோதி நின்றது. உயிருக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. தம்பி மனைவிக்கு மட்டும் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. வண்டியைத் தூக்க வந்த மெக்கானிக் கிழிந்த டயரைப் பார்த்துவிட்டு, “காத்து கம்மியா ஓடிருக்கு. சைடு பூராம் வெந்து போயிருக்கு” என்றாராம்.

அந்த வார்த்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் மாமனார் வராந்தாவில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை ஊரெல்லாம், “எங்க மாப்ள வண்டி ஓட்டுனா உள்ள ஒக்காந்து தூங்கலாம்” என்று சொல்லித் திரிந்த மனிதர்.

“நேத்து உங்க அக்கா பாத்து வச்சுக் குடுத்தும், காலையில டயர்ல காத்து இருக்கா இல்லையான்னு கூடப் பாக்காம எம்மகள ஏத்திட்டுக் கெளம்பிருக்கீங்களே மாப்ள. அம்புட்டுத்தானா உங்க பொறுப்பு?”

தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வை ஒரு நொடிகூட இருக்காது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “கவனிக்காம விட்டுட்டேன் மாமா” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் என்னைப் பாராட்டியவர் அவர். சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில். ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. தம்பி மனைவி வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். வந்தாள். பிறகு, ஆறிப்போன விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். சாக்குச் சொல்வதில் நான் எந்த மாணவனுக்கும் குறைந்தவளில்லை. கேஜை மட்டும் கைப்பையிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் போட்டேன். ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

தம்பி மனைவியின் கை அதன்பின் முழுதாக மடங்கவில்லை. சாப்பிட இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டாள். தலை பின்ன மட்டும் கை எட்டாது. தினமும் காலையில் தம்பிதான் பின்னிவிடுகிறான். மாமனார் அதன்பிறகு அவன் காரில் ஏறவே இல்லை. மகளைப் பார்க்க வந்தால் பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். ஸ்டாண்டு வரையாவது கொண்டு விடுகிறேன் என்று தம்பி சாவியை எடுத்தால், “வேண்டாம் மாப்ள, நடந்தே போறேன்” என்பாராம். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கூட்டிவர வேண்டியிருந்தபோதும் வாசலில் நின்ற தம்பியின் காரைப் பார்த்துவிட்டு வாடகைக் கார் பிடிக்கச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியிலும் நான் போய் அவரைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் நாள் இறந்துவிட்டார்.

அவர் போய் ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி. கல்லுப்பட்டிக்குப் போனேன். தம்பி தோட்டத்துக்குப் போயிருந்தான். அவன் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். “அவரு வந்து பின்னட்டும்னு இருக்கேன் மதினி” என்றாள். நான் சீப்பை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முகம் பார்க்காமல் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது. காற்றைத் திறந்துவிட்டதையும், மறுநாள் காலை ஃபோனில் நான் சொன்னதையும், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“தெரியும் மதினி” என்றாள். தலையைத் திருப்பவில்லை. “ஃபோனு ஸ்பீக்கர்லதான இருந்துச்சு. நான் முன்சீட்டுல ஒக்காந்துட்டேன். அப்பாவும் அம்மாவும்தான் இன்னும் ஏறல.”

நான் கூந்தலை மறுபடி மூன்றாக வகுத்தேன்.

“எங்கப்பாகிட்ட உள்ளதச் சொல்லுங்கன்னு ஆஸ்பத்திரியிலயே அவருகிட்டக் கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டாரு, என்னையும் சொல்ல விடல. அக்காவே சொல்லும், பாருன்னாரு. நீங்க சொல்லல. அப்புறம் அவரே ஒண்ணு சொன்னாரு. வீட்டு விசேஷ வேலையில அக்காவுக்கு நான் ஃபோன் பண்ணுனதே மறந்துருச்சு, ஞாபகம் இருந்தா எங்க அக்கா என்னை அப்படிப் பேச விட்டுருக்குமான்னு கேட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

“நான் அவன்கிட்டயும் சொல்லிர்றேன்” என்றேன்.

“வேண்டாம் மதினி.” இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “எங்கப்பாகிட்ட மதிப்பு போனத அவரு தாங்கிட்டாரு. நீங்களும் இல்லைன்னு ஆனா தாங்க மாட்டாரு.”

பின்னி முடித்து நுனியில் ரப்பர் பேண்டு போட்டேன். வாசலில் கார் வந்து நின்றது. தம்பி உள்ளே வந்து, மனைவியின் ஜடையைப் பார்த்து, “பரவாயில்லயே, என்னைய விட நல்லாப் பின்னிருக்க” என்று சிரித்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “யக்கா, வண்டிக்குப் புது டயர் போடணும். எது போடலாம்னு நீ சொல்லு” என்றான்.