சீனி இல்லாத தேத்தண்ணி

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஏழு மாதம் சீனியில்லாத தேத்தண்ணி குடித்தவள் நான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? எங்கள் லயத்து வீடுகளில் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டுதான் சாயத்தண்ணியே குடிப்போம்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவரிடமிருந்து வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் இருக்கிறேன். கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை, வாடகைக்கு ஓர் அறை. புசல்லாவையில் அக்கா இருக்கிறாள். போனால் எனக்கென்று தனித் தட்டு எடுத்து வைப்பாள், அதனால் போவதை விட்டுவிட்டேன். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுவரைப் பார்த்தபடி கிடப்பேன். திங்கட்கிழமை கடை திறக்கும்வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

கிளினிக்கில் இருக்கும் தாதி மிஸ்தான், "தினமும் அரை மணித்தியாலம் நடங்க, மனசுக்கு நல்லது" என்றார். எரிச்சலாக வந்தது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிய குடும்பத்துக்கு நடக்கச் சொல்லித் தருகிறாராம்! இருந்தாலும் மறுநாள் விடிந்ததும் வாவியைச் சுற்றப் போனேன். மூன்றாவது வாரம் நன்றாகத் தூங்கினேன். மிஸ்ஸிடம் அதைச் சொல்லவில்லை.

அங்கேதான் டீச்சர் வந்து சேர்ந்தார். வத்தேகமயில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கழுத்தில் செபமாலை, வாய் ஓயாது. "நீங்க என்ன வருத்தத்துக்கு நடக்குறீங்க?" என்று முதல் நாளே கேட்டார். வாயில் வந்த ஒரு நோயைச் சொன்னேன்.

"சீனி வருத்தம்."

"அட, எனக்கும் அதேதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை ஒருவர் பிடித்து எத்தனை காலம்!

அன்றிலிருந்து நடை முடிந்ததும் வாவி மதிலில் உட்காருவோம். டீச்சர் பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் தேத்தண்ணி ஊற்றி முதலில் தான் குடிப்பார். பிறகு அதே மூடியில் எனக்கு ஊற்றுவார். கஷாயம் மாதிரி இருக்கும். அந்த ஒரு வாய்க்காகத்தான் காலையில் எழும்பினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒருநாள் டீச்சர் கைப்பையிலிருந்து இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்ன மெஷினை எடுத்தார். மகன் அனுப்பியதாம். தன் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, அதே ஊசியோடு என் விரலைப் பிடித்தார்.

"ஊசிய மாத்துங்க டீச்சர்."

"சும்மா இருங்க, ஒரே ஊசியிலதான் ஒரு வாரமா குத்துறேன். நாமென்ன வேத்து ஆளா?"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மெஷின் கீழே விழுந்தது. டீச்சரின் முகம் வாடிவிட்டது. வேறு என்ன பொய் சொல்வது? சொன்னால் இவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கும் ஊசியோடு வருவார்.

"எனக்குச் சீனி இல்ல டீச்சர். எச்.ஐ.வி. இருக்கு. பக்கத்துல இருக்கிறதாலயோ, ஒண்ணா குடிக்கிறதாலயோ ஒட்டாது. ஊசி மட்டும் வேணாம்."

டீச்சர் வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போல" என்றார். ஒரு மேகம்கூட இல்லை. பிளாஸ்க்கைத் திறக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. அதற்கடுத்த நாள் கோபம் வந்தது. வாவி என்ன அவர் வீட்டுச் சொத்தா? எழுந்து போய் நடந்தேன். ஒரு வாரம் தனியாகச் சுற்றினேன். மதில் பக்கம் வரும்போது மட்டும் தண்ணீரில் நிற்கும் கொக்கைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அழுகையும் வந்தது, என்ன செய்ய?

எட்டாம் நாள் டீச்சர் மதிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க்.

"உக்காருங்க" என்றார். "ஏழு மாசம் கசப்பக் குடிக்க வச்சிட்டேனே, பாவி நான். இன்னைக்கு உங்களுக்குச் சீனி போட்டு எடுத்துட்டு வந்தேன்."

கடதாசிக் கோப்பை ஒன்றை எடுத்து ஊற்றி நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். இனிப்பு தூக்கலாக இருந்தது. "மூடி எங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"அது... கழுவ மறந்துட்டேன்."

நான் முதல் நாள் "சீனி வருத்தம்" என்றேனே, அதே குரல். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் அறையும் சுவரும்தான்.

கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"நாளைக்குக் கழுவி எடுத்துட்டு வாங்க" என்றேன். "நான் காத்துக்கிட்டு இருப்பேன்."