பாதிக் குளிசை

இறந்துபோன ஒருவரின் குளிசைகளை நான் மூன்று மாதம் விழுங்கியிருக்கிறேன். வறுமையால் அல்ல, கௌரவத்தால். ஐம்பத்தைந்து வயதில், வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சுவிஸில், சூக் நகரத்தில், ஒரு பெரிய கம்பனியின் உணவகச் சமையலறையில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். இருவருக்கும் பிறசர் என்கிற இரத்த அழுத்தம், இருவருக்கும் ஒரே குளிசை. அதே மருந்தின் மலிவான வடிவத்தை, ஜெனரிக்கா என்பார்கள், மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம், பழைய பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மருத்துவக் காப்புறுதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு கூடும். கூட்டித்தான் கட்டினோம். அரிசி மூட்டை எங்கே மலிவு என்று ஓர்லிகோன் வரை போய் விசாரிக்கிற சனம் நாங்கள். ஆனால் மருந்தும் தங்கமும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகம் வந்துவிடும்.

"உது கொப்பி, ஐசே," என்பார் அவர், வெங்காயம் வெட்டியபடி. "கொப்பியடிச்சவன் ஆர் பாஸ் பண்ணினவன்?"

"நான் பாஸ் பண்ணினனான்."

"அதாலதானே இங்க நிண்டு கோப்பை கழுவுறீர்."

இந்த மாசியில் அவர் போய்விட்டார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து புறப்படும்போது அவருடைய மனைவி ஒரு பையைக் கையில் தந்தார். எங்கள் ஆட்களிடையே இறந்தவரின் குளிர் கோட்டும் சப்பாத்தும் அளவானவருக்குப் போகும். எனக்கு அளவாக இருந்தது அவருடைய குளிசை.

"நீங்களும் உதைத்தானே போடுறனீங்கள், அண்ணை. எறிய மனம் வரேல்லை."

பெட்டிகளைத் திறந்தும் பார்க்காமல் அள்ளிப் போட்டிருந்தார். வாங்கிக்கொண்டேன். பெயர்போன குளிசை, அதுவும் இனாமாக.

அடுத்த நாளிலிருந்து இறந்தவர் வரத் தொடங்கினார். நாய் ஊளையிடவில்லை, விளக்கு அணையவில்லை. விடிய குசினியில் நின்று குளிசைத் தகட்டை அழுத்துவேன். குளிசை உள்ளங்கையில் விழும்போது பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். திரும்பினால் குளிர்பெட்டி. ரயிலில் அவர் இருப்பதாகத் தோன்றிய எதிர் இருக்கையில் யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வந்தது. நான் பேய்களை நம்பாதவன். அதை அவரிடமே வாய்விட்டுச் சொன்னேன், பல் துலக்கியபடி.

பையின் அடியில் கிடந்த கடைசிப் பெட்டிக்குள் தகடு இல்லை. மடித்த கடதாசிக்குள் பாதிக் குளிசைகள். ஒவ்வொன்றும் நடுவே சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கத்தி வெட்டு எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று வருடக்கணக்காகப் பார்த்தது. பெயருக்காகக் கூடுதலாகக் கட்டிய காசை அவர் இப்படித்தான் ஈடுகட்டியிருக்கிறார், நாளுக்குப் பாதியாக. மொத்தமாக வாங்கியதில் இத்தனை பெட்டி ஏன் மிஞ்சியது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பாதிகளை மறுபடி கடதாசியில் மடித்தேன். அன்றைக்கு யாரும் செருமவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவருடைய மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று வின்டர்தூரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாதிகள் என் சட்டைப் பையில். தேத்தண்ணியை வைத்துவிட்டு அவரே தொடங்கினார்.

"குளிசை முடிஞ்சுதோ, அண்ணை? ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டவர், ஒழுங்காப் போட்டவரோ எண்டு. ஒரு நாளும் விட்டதில்லை எண்டு சொன்னனான். அந்த ஒண்டுதான் எனக்கு ஆறுதல். செய்யவேண்டியதைச் செய்தனாங்கள்தானே?"

சட்டைப் பைக்குள் போன விரல்கள் அங்கேயே நின்றன.

"ஓம் தங்கச்சி," என்றேன். "ஒரு நாளும் விடேல்லை."

அது பொய்யும் இல்லை. உண்மையின் பாதி.

திரும்பும் வழியில் பாதிகளை மருந்துக்கடையில் கழிவுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு அந்த மலிவான ஜெனரிக்காவை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: செருமல், ரயில், வெட்டின குளிசைகள், என்னைத் திருத்துவதற்காகவே மனிதர் அந்தப் பக்கத்திலிருந்து வந்து போனது.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான் எத்தினையோ வருஷமா என்ர பிறசருக்கு உந்த மலிவானதைத்தான் போடுறன்," என்றார். "எனக்கு ஒரு ஆவியும் வந்து சொல்லேல்லை. மருந்துக்கடையில நிண்ட பெட்டை சொன்னவள், வாங்கினனான்."