பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுங்க

என் லேப்டாப்பில் பட்டனைத் தட்டிவிட்டு உலை வைத்தால், சோறு வடிக்கும் நேரத்தில்தான் திரை முழுசாக வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பவள் இதை எவ்வளவு காலம்தான் பொறுப்பது? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் புதுசு மாதிரி ஓடும் என்றார்கள். ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "வச்சிட்டுப் போங்க மேடம். பழசுல இருக்கறதெல்லாம் புதுசுல ஏத்தணும், ஜாஸ்தி நேரமாவும். சாயங்காலம் வூட்டுக்காரர அனுப்புங்க," என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இருந்தே வாங்கிக்கினு போறேங்க."

நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார். "எல்லாரும் குடுத்துட்டுதான் வராங்க. நீ மட்டும் இன்னா அங்கியே குந்திக்கினு இருக்க?" முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போனை ரிப்பேருக்குக் கொடுத்தாள். அதிலிருந்த அவள் படங்கள் ஊர் முழுக்கச் சுற்றின. ரிப்பேர் செய்தவன் மறுநாளும் கடையைத் திறந்து உட்கார்ந்தான். காலேஜ் நின்றுபோனது அவளுக்குத்தான். அதிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

என் டிஸ்க்கில் கல்லூரிக் காலத்துப் படங்கள் இருந்தன. கல்வராயன் மலைக்குப் போய் அருவியில் தோழிகள் ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நனைந்து, வாய்விட்டுச் சிரித்த படங்கள். அதில் அசிங்கம் எதுவும் இல்லை. ஆனால் எங்களில் ஒருத்தி எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த ஈரச் சுடிதார் படம் எவன் போனிலாவது ஏறினால், மாமியார் வீட்டில் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

ஒருவழியாக எல்லாம் ஏறி முடிந்தது. புதியதைப் பொருத்தி, ஸ்க்ரூ முடுக்கிப் பட்டனைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் என் பழைய டிஸ்க்கை மேசைக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் டப்பில் தூக்கிப் போட்டார். டப் நிறைய பழைய டிஸ்க்குகள். யார் கல்யாணமோ, யார் குழந்தையோ, எல்லாம் அங்கே கிடந்தன. இதுவரை ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லையா?

"அதக் குடுங்கண்ணா."

"பழசு கடைக்குதான் மேடம், எங்கியும் அப்படித்தான். அழிச்சுட்டேன். அதுல ஒண்ணும் இல்ல."

அவர் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது: 'அழிந்துபோன போட்டோ, வீடியோ மீட்டுத் தரப்படும்.' விரலை நீட்டிக் காட்டினேன். "அப்போ அது பொய்யா?"

திரும்பிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கிப்போனது. பிறகு ஒரு மாதிரி சிரித்தார். "அப்படி இன்னாதான் மேடம் இருக்கு அதுல?"

அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. ஒருத்தி தன் பொருளைக் கேட்டால் போதும், அவள் எதையோ ஒளிக்கிறாள் என்று ஆகிவிடும். கடையில் இன்னொரு அம்மாவும் நின்றிருந்தார். உடைந்த போனை மேசைமேல் வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்: "இன்னா இருந்தா உங்களுக்கு இன்னாங்க? என்னுது. குடுங்க."

"நம்பிக்க இல்லாம எப்படி மேடம் தொழில் பண்றது?"

"எனக்கு இல்லைங்க."

இந்தப் பதிலை மரியாதைக்காக எத்தனையோ இடத்தில் விழுங்கியிருக்கிறேன். சொல்லிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. அவர் குனிந்து, டிஸ்க்கை எடுத்து மேசைமேல் சத்தம் வர வைத்தார். துப்பட்டாவில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என்மேல் இருந்த எரிச்சலோடு அவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க வச்சிட்டுப் போங்கக்கா. சாயங்காலம் வாங்க."

அந்த அம்மா மேசையிலிருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் எழுந்ததும் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்தார்.

"இங்கியே தொறங்க தம்பி. நான் பாத்துக்கினு இருக்கேன்."